முதல் போணி கருப்பு

பினாங்கில் என் எட்டுப் படங்களை அடுத்த மாதம் சுவரில் மாட்டப்போகிறார்கள். கையில் இருப்பது ஏழு. எட்டாவது, சரியாகச் சொன்னால் நான் செய்ததில் முதலாவது, அந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. வெறும் கருப்புக் கோடுகள்தான். காகிதத்தில் ஒரு வரிசை, அதற்கு ஒரு விரற்கடை முன்னால் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் இன்னொரு வரிசை. அதன் முன்னால் நாலு எட்டு நடந்தால் கோடுகளுக்குள் தண்ணீர் ஓடும். நின்றால் அதுவும் நிற்கும்.

அந்தக் கோடுகளைக் கையால் வரைந்த ஃபிலிம் கிடைத்தால் மறுபடி அச்சடித்துவிடலாம். அது திருநெல்வேலிப் பக்கம், என்னோடு அச்சுக்கடையில் வேலை பார்த்த சுப்பையாவிடம் இருக்கிறது. சுப்பையாவும் நானும் பேசி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

ஃபிலிம் வாங்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை. சுப்பையாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அவன் அண்ணன் செத்ததற்கு நான் காரணம் என்று நினைக்கிறானா, இல்லையா? அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிறவன் இதை யாரிடம் போய்ச் சொல்வது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு முப்பது வருஷமாகக் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

முதல் நாள் காலை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டு எதிர்க் கடையில் இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். பினாங்கில் நாம் கையைக் காட்டினால் போதும், ஏழு குழம்பையும் ஒரே சோற்றின் தலையில் ஊற்றிவிடுவார்கள். யாரும் பேசுவதில்லை. இங்கே பரிமாறியவர் இலையைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, எண்ணி எண்ணித் திங்கிய? வயித்துக்குச் சரியில்லையா?” என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்று நிரூபிப்பதற்காகவே இன்னும் இரண்டு இட்லி சாப்பிட வேண்டியதாயிற்று. மிளகாய்ப்பொடிக் குழியில் அவர் நல்லெண்ணெய் ஊற்றிய விதத்தில், பக்கத்து இலைக்கும் ஓடிவிடுமோ என்று பயந்தேன்.

பிறகு டவுனுக்குப் போனேன். ஆட்டோக்காரர் என் தோள்பையையும் காலிலிருந்த செருப்பையும் பார்த்து என்னைக் குற்றால அருவிக்குப் போகிற சுற்றுலாக்காரன் என்று முடிவு செய்துவிட்டார். “குத்தாலத்துல இப்ப தண்ணி இல்ல அண்ணாச்சி, வீணாப் போவாதிய” என்றார். நான் மேலப்பாளையத்துக்காரன் என்று சொன்னதும் திரும்பி ஒருமுறை பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. மேலப்பாளையத்தில் எங்கே, யார் வீடு, வாப்பா பேர் என்ன என்று ரதவீதி வருகிறவரை கேட்டுக்கொண்டே வந்தார். தேர்வு எழுதுகிறவன்போல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

கீழரதவீதியிலிருந்து பிரிகிற சந்தில் நாங்கள் வேலை பார்த்த அச்சுக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். வாசலில் தொங்கிய உறைகளைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. கருப்பு வெள்ளைக் கோடுகள், கட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். கடைக்காரர் ஒன்றை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். “த்ரீடி அண்ணாச்சி. சாச்சுப் பாத்தா ஓடும் பாருங்க.”

ஓடத்தான் செய்தது. ஆனால் கம்ப்யூட்டர் வரைந்த கோடு. ஒன்றுபோல் ஒன்று, ஒரு மயிரிழை பிசகில்லை. அதனால் அலையும் அணிவகுப்பில் போகிற போலீஸ்காரர்போல ஒரே சீராக நடந்தது. பினாங்கில் நானும் இப்படித்தான் ஒன்று செய்து பார்த்து, ஆறு மாதம் முட்டி மோதிவிட்டுத் தூக்கிப் போட்டேன். சுப்பையா கோடு கிழிக்கும்போது மூச்சு விடுகிற இடத்தில் பேனா ஒரு துளி அகலும். அலை அங்கே வந்ததும் தயங்கி, வளைந்து, பிறகு போகும். அந்தத் தயக்கம் எந்தக் கணினிக்கும் எனக்கும் வரவில்லை.

அந்தப் பழைய அச்சுக்கடையில் சுப்பையாவும் நானும் இரண்டே பேர்தான் வேலைக்கு. முதலாளி சாயங்காலம் வந்து எட்டிப் பார்ப்பார். மரச்சட்டத்தில் வலைத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, மையை ஊற்றி, மரப்பிடி போட்ட ரப்பரால் இழுத்தால் கீழே வைத்த தாளில் எழுத்து விழும். கல்யாணக் கார்டு, ஜவுளிக்கடைப் பை, கடைத்திறப்பு நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். ஒரு பாத்திரக்கடைப் பைக்குப் பின்னணியாகச் சுப்பையா கோடு கோடாக வரைந்தான். காகிதத்தில் ஒரு மாதிரி அடித்துச் சுவரில் ஒட்டினோம். பிளாஸ்டிக் தாளில் அடித்ததை அதற்கு முன்னால் கொடியில் கிளிப் போட்டுக் காயப்போட்டான். தண்ணீர் குடிக்கப் பானையை நோக்கி நடந்தவன் பாதியில் நின்று, திரும்பி, மறுபடி நடந்தான்.

“ஏலே காதரு! இங்கன வா. நட லே, நடந்து பாரு!”

நடந்தேன். சுவர் முழுக்க ஆறு ஓடியது. அந்த மத்தியானம் முழுவதும் அந்தச் சின்னக் கடைக்குள் இரண்டு பேரும் சோற்றை மறந்து முன்னும் பின்னும் நடந்தோம். முதலாளி வந்து பார்த்து, “என்னல, கிறுக்குப் புடிச்சிட்டா?” என்றார். அவரையும் நடக்கச் சொன்னோம். இரண்டு தரம் நடந்துவிட்டு, தலை கிறங்குகிறது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு மத்தியானம் பிறகு வரவில்லை. படங்கள் விற்ற நாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதை நல்ல தாளில் ஒழுங்காக அடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அங்கேதான் வினை வந்தது. எங்கள் ஊர் அச்சுக்கடைகளில் கருப்பு மைக்கு ஒரு விதி உண்டு. கருப்பு என்றால் சாவுச் சடங்குக்கு அடிக்கிற கருமாதிப் பத்திரிகை. காலையில் முதல் போணியாகக் கருப்பை யாரும் தொட மாட்டார்கள். மஞ்சளிலோ சிவப்பிலோ ஒரு கார்டாவது இழுத்த பிறகுதான் கருப்பு டப்பாவைத் திறப்பார்கள். கல்யாணக் கார்டு காய்கிற பலகையில் கருப்புத் தாளை வைக்கவே மாட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எதையும் நம்பாததில் ஒரு பெருமை. வெயில் ஏறினால் மை வலைத்துணியிலேயே காய்ந்துவிடும், மெல்லிய கோடு அடைத்துக்கொள்ளும், விடிந்ததும் அடித்தால்தான் சரியாக வரும் என்றேன். ஒரே ஒரு மஞ்சள் கார்டு இழுத்துவிட்டுத் தொடங்கலாம் என்றான் சுப்பையா. “மையில என்னலே சாவும் வாழ்வும்?” என்று கேட்டுவிட்டு, அவன் மஞ்சளுக்கு ஒரு சட்டத்தைக் கழுவி முடிப்பதற்குள் கோட்டுச் சட்டத்தில் கருப்பை ஊற்றி இழுத்துவிட்டேன். அச்சு அற்புதமாக விழுந்தது.

பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தது. ஐப்பசி மழைக்கு ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. குறுக்குத்துறையில் குளிக்க இறங்கிய சுப்பையாவின் அண்ணன் சங்கரனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் சுப்பையா வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். சங்குச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பி வந்து, காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் மாமா பினாங்குக்குக் கூப்பிட்டார். தப்பித்தோம் என்று கப்பல் ஏறாத குறையாக ஓடிவிட்டேன்.

உறைக் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரருக்குச் சுப்பையாவைத் தெரிந்திருந்தது. “சுப்பையா அண்ணாச்சியா? அவரு சேர்மாதேவிக்குப் போயி வருசம் ஆச்சே. துணிப்பை பூராம் இப்ப அவருதாம் அடிக்காரு. ஆறேழு பேரு வேல பாக்காவ” என்றார். நீங்கள் யார் என்று கேட்டார். பழைய சேக்காளி என்றேன். சொல்லும்போதே கூசியது.

இரண்டாம் நாள் சேர்மாதேவிக்கு, அதாவது சேரன்மகாதேவிக்கு, பாபநாசம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலில் குறுக்குக் கம்பிகள். வெளியே வாழைத் தோட்டத்து வேலிகள். கம்பியும் வேலியும் ஒன்றையொன்று தாண்டும்போது நடுவில் ஒரு நிழல் அலைந்தது. பஸ் வேகம் எடுத்தால் அது பின்னால் ஓடியது, வேகம் குறைந்தால் நின்று யோசித்தது. வாழ்நாள் முழுக்க இதைத்தான் தாளில் பிடிக்கப் பார்க்கிறேன், இங்கே சும்மா கிடக்கிறதே என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் சேரன்மகாதேவி போய்விட்டது. வீரவநல்லூர் வரப்போகிறபோதுதான் கண்டக்டர் என்னைக் கண்டுபிடித்தார்.

“சேர்மாதேவி சேர்மாதேவின்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேனே, ஒறங்கிட்டியளா?”

“இல்ல தம்பி, வேலியைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். “பைய எறங்குங்க” என்று கண்டக்டர் இரக்கத்தோடு சொன்னதுதான் பஸ் நின்ற பிறகும் காதில் நின்றது. திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வைக்கோல் ஏற்றிய குட்டி லாரியில், ஓட்டுநர் பக்கத்தில் இடம் கிடைத்தது. தலையிலும் சட்டையிலும் வைக்கோலோடு இறங்கும்போது நான் பாதி மாடாக இருந்தேன்.

சுப்பையாவின் கடை வயலை ஒட்டிய பெரிய தகரக் கொட்டகை. உள்ளே நாலு மேசையில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் பை, பள்ளிக்கூடச் சட்டை, கல்யாணக் கார்டு. டர்பன்டைன் வாசம் மூக்கில் ஏறியதும் கண் கலங்கியது. மையின் காரம் என்று சொல்லிக்கொண்டேன். உள்ளேயிருந்து நரைத்த தலையோடு ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பார்த்தவுடன் தெரிந்துகொண்டான். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

“வாரும்வே. எப்ப வந்தீரு?”

அந்தக் காலத்தில் நாங்கள் லே போட்டுத்தான் பேசுவோம். நீர், வாரும் என்பது கடைக்கு வருகிற மனிதர்களுக்கு. உட்காரும் என்றான், உட்கார்ந்தேன். மோர் கொடுத்தான், குடித்தேன். ஃபிலிம் விஷயத்தைச் சொன்னேன். “அதா? மச்சுல கெடக்கும். தேடுவோம்” என்றான். அவ்வளவுதான்.

அவன் மனைவி பேச்சியம்மாள் மத்தியானம் உளுந்தஞ்சோறு போட்டார். கருப்பு உளுந்தும் பூண்டும் தேங்காயும் போட்டு வெந்த சோறு, அதற்கு எள்ளுத் துவையல். பினாங்கில் என் மகள் ஒருமுறை செய்து பார்த்து, வாப்பா இது ஏன் இந்த நிறம் என்று கேட்டாள். இங்கே இரண்டாவது தட்டு வாங்கினேன். பேச்சியம்மாள் நல்ல கலகலப்பு. தன் மகள் முத்துலட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதையும், மாப்பிள்ளை தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்ப்பதையும் சொன்னார். “ஊரு கார்டெல்லாம் அடிச்சு முடிக்காவ. சொந்த மக கார்டு இன்னும் மேசைக்கு வரல அண்ணாச்சி. கேட்டா, இருக்கட்டும் இருக்கட்டும்ங்காவ.” சுப்பையா இன்னும் கொஞ்சம் துவையலை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

சாப்பிட்டபின் மச்சில் ஏறி, பழைய அட்டைகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து வந்தான். ஓரம் மஞ்சளடித்திருந்தது, கோடுகள் மட்டும் கருகருவென்று அப்படியே. மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். வெயிலில் ஒரு வெள்ளை அட்டையைத் தரையில் போட்டு, அதற்கு ஒரு விரற்கடை மேலே ஃபிலிமைப் பிடித்தான். கோடுகளின் நிழல் அட்டையில் விழுந்தது. கோடும் நிழலும் கலந்ததும் அலை கிளம்பியது. அவன் மணிக்கட்டைத் துளி திருப்பினான். ஆறு பெருகியது. திருப்பிக் கொண்டுவந்தான். வடிந்தது. அவன் மூச்சு விட்ட இடங்களில் அலை தயங்கியதை எண்ணிவிடலாம்போல இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பேச்சியம்மாள் படியில் நின்று எட்டிப் பார்த்து, “கண்ணக் கட்டுது, அத அங்கிட்டு எடுங்க” என்றார். ஒரு நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்கும் வயது இருபத்தைந்துதான். பிறகு அவன் ஃபிலிமை உறைக்குள் போட்டான். “கருப்பு நாளைக்கு மத்தியானத்துக்கு மேல அடிக்கலாம்” என்றான். முதல் போணி என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. எனக்குக் கேட்டுவிட்டது.

சாயங்காலம் ஆற்றுக்குப் போனோம். தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது. இரண்டு பேர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுப்பையா படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டான். இப்போது கேட்காவிட்டால் இனி இந்தப் பிறவியில் இல்லை என்று தோன்றியது.

“சுப்பையா, சங்கரண்ணன் போன அன்னைக்கு நான் கருப்ப மொத போணியா இழுத்தேன்லா.”

“ஆமா.”

“நீ வேண்டாம்னு சொல்லியும் இழுத்தேன். அதனாலதான்னு நீ... அது ஒன் மனசுல இருக்கா?”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பாஷையில் பேசியதுபோலப் பார்த்தான்.

“என்னவே சொல்லுதீரு? எங்கண்ணனுக்கு நீச்சல் தெரியாது. வெள்ளத்துல எறங்காதன்னு கரையில நின்னவன் பூராம் கத்துனான். எறங்குனான், போனான். அதுக்கும் உம்ம கோட்டுக்கும் என்னவே சம்பந்தம்? நான் அடிக்காத கருப்பா? எத்தன ஊரு கருமாதி இந்தக் கையால அடிச்சிருக்கேன்!”

முப்பது வருஷப் பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. இறங்கியது என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

“இதத்தான் இத்தன வருசமா சொமந்துக்கிட்டு அலையுதியா?” என்றான். குரல் மாறியிருந்தது. “ஏலே, அந்தக் கருமாதிக் கார்ட யாரு அடிச்சான்னு தெரியுமால ஒனக்கு?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. அச்சடிக்கிறவன் தன் வீட்டுக் கார்டைத் தன் கையால் இழுக்கக் கூடாது, நல்லதற்கானாலும் கெட்டதற்கானாலும். கூட வேலை செய்கிறவன்தான் இழுக்க வேண்டும். அந்தக் கடையில் கூட வேலை செய்தவன் நான் ஒருத்தன்தான்.

“சட்டத்தக் கட்டி வச்சிட்டு மூணு நாளு ஒக்காந்திருந்தேன். நீ வருவ வருவன்னு பாத்தேன். காதரு வருவான் அண்ணாச்சி, காச்சல் விட்டதும் வந்து இழுப்பான்னு மொதலாளிகிட்டயும் சொன்னேன். நாலாம் நாளு நேரமில்ல. நானே கருப்ப ஊத்துனேன். நானே இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் சங்கரன் சங்கரன்னு எங்கண்ணன் பேரு வருது லே. ஒத்தையில. காய வைக்கக்கூட ஆளில்ல.”

எருமைக்காரர்கள் கரையேறிப் போய்விட்டார்கள். நான் அழுதேன். அதை வேறு எப்படியும் எழுத முடியாது. ஒரு மையின் நிறம் மனிதனைக் கொல்லும் என்று நம்பாதவன் என்று பெருமையடித்துக்கொண்டு, அதை மட்டுமே நம்பி இத்தனை வருஷம் ஒளிந்திருந்திருக்கிறேன். பயத்தில் நான் போகாமல் விட்ட அந்த வீட்டில்தான், அந்தக் கடையில்தான் உண்மையான குற்றம் கிடந்திருக்கிறது. நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் வந்திருக்கணும்” என்றேன்.

“வந்திருக்கணும்” என்றான். ஆறுதலாக ஒரு சொல் சேர்க்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான். பஸ் கிளம்பும்போது, “காலம்பற ஏழு மணிக்கு வா” என்று மட்டும் சொன்னான். ஃபிலிமைக் கையில் கொடுத்து அனுப்பிவிடப் போகிறான் என்று எனக்குத் தோன்றியது. அது நியாயம்தான் என்றும் தோன்றியது.

மூன்றாம் நாள் வேலியைப் பார்க்கவில்லை. கண்டக்டர் சொல்வதற்கு முன்பே எழுந்து படியில் நின்றுகொண்டேன். கடையில் வேலையாட்கள் இன்னும் வரவில்லை. நடு மேசையில் ஒரு சட்டம் கட்டியிருந்தது. பக்கத்தில் வெற்று அட்டைகள் அடுக்கியிருந்தன. தட்டில் குங்குமச் சிவப்பில் மை கலந்து வைத்திருந்தான். பேச்சியம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு நிலைப்படியில் நின்றார்.

சுப்பையா ரப்பரை என் பக்கம் நீட்டினான்.

“கடையில ஆறு பேரு இருக்காவள்லா” என்றேன்.

“இருக்காவ.”

வாங்கிக்கொண்டேன். பினாங்கில் எனக்கு இழுத்துக் கொடுக்கப் பிள்ளைகள் உண்டு. நான் ரப்பரைத் தொட்டு வருஷங்களாகிறது. பிஸ்மி சொல்லிக்கொண்டு மையை ஊற்றினேன். சட்டத்தில் எழுத்துகள் நேராகவே தெரியும், படித்துவிடலாம். மேலே பிள்ளையார் சுழி. திருநிறைச்செல்வி முத்துலட்சுமி. அப்பா பெயர், அம்மா பெயர். கீழே கல்யாணத் தேதி. அதைப் படித்துவிட்டு மறுபடி படித்தேன். அன்றைக்குத்தான் பினாங்கில் திறப்பு விழா. எட்டுப் படத்துக்கு முன்னாலும் யார் எங்கே நின்று எப்படி நடக்க வேண்டும் என்று நான்தான் காட்டுவதாக ஏற்பாடு.

முதல் கார்டை இழுத்தேன். பழக்கம் விட்ட கையில் ரப்பர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. முத்துலட்சுமியின் பெயரில் ஒரு பக்கம் மை தடித்து, எழுத்து லேசாக அசைவதுபோல விழுந்தது. கெட்டுப்போனதைத் தள்ளி வைக்கப் போனேன். சுப்பையா என் கையைத் தட்டிவிட்டு, அதை எடுத்துப் பலகையின் உச்சியில் வைத்தான். ஒரு புள்ளி பிசகினாலும் கிழித்துப்போடுகிறவன் அவன்.

நாலைந்து இழுத்ததும் கை படிந்துவிட்டது. அவன் தாளை வைப்பான், நான் இழுப்பேன், அவன் எடுப்பான். பேச்சியம்மாள் ஈரத் துண்டை உதறிக்கொண்டே கேட்டார்.

“கல்யாணத்துக்கு இருப்பியள்லா அண்ணாச்சி? இல்ல, அதுக்குள்ள பிளேன் ஏறிருவியளா?”

சுப்பையா அடுத்த தாளைக் கையில் எடுத்துவிட்டான். மேசையில் வைக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.

“இருப்பேம்மா” என்றேன். “பந்தியில எல போடுததுல இருந்து கடைசி ஆளு கை கழுவுற வரைக்கும் இருப்பேன்.”

அவன் தாளை வைத்தான். மூலையைப் பெருவிரலால் ஒரு துளி தள்ளிச் சரிசெய்தான்.

“ம், இழு லே.”